எத்தனை ஸ்லாட்? ஒரு பொம்மைக் காரும் அரியலூர் காயில் கடையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திக்கினது, ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்னது, நடுவுல லாரி ஹாரன் அடிச்சது எல்லாத்தையும் வெட்டியாச்சு.)

இந்த வாரம் ராஜா கிடையாது, போர் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. "பெரம்பலூர்க்காரனா இருந்துக்கிட்டு கங்கைகொண்ட சோழபுரத்தைப் பத்தி இன்னும் ஒரு எபிசோடு பண்ணலையே"ன்னு திட்டி மெசேஜ் வருது. பண்றேன், கண்டிப்பா பண்றேன். ஆனா இன்னைக்குப் பேசப் போறது உள்ளங்கையில அடங்குற ஒரு மோட்டாரைப் பத்தி. அதுல சுத்தியிருந்த கம்பியை எரிச்சவன் நான்தான். அந்தக் குத்தவுணர்ச்சியும் இந்த எபிசோடுக்கு ஒரு காரணம்.

கதை சிங்கப்பூர்ல ஆரம்பிக்குது. என் மாமா அங்க கட்டட வேலையில இருந்தவர். ஞாயித்துக்கிழமை லீவுன்னா தேக்கா போவார், சாப்பிடுவார், அப்படியே நடந்து சுங்கை ரோடு சந்தைக்குப் போவார். பழைய கடிகாரம், ஓடாத ரேடியோ, ஒத்தைச் செருப்பு வரைக்கும் தரையில துணி விரிச்சு விப்பாங்க. நம்ம ஆட்கள் அதைத் திருட்டு மார்க்கெட்னுதான் சொல்வாங்க. 2017 ஜூலை 10-ஆம் தேதியோட அந்தச் சந்தையை மூடிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் மாமா அங்கிருந்து ஒரு அட்டைப் பெட்டி வாங்கிட்டு வந்தார். உள்ளே ஒரு பச்சை ரேஸ் கார், நாலஞ்சு கறுப்புப் பாதைத் துண்டுகள், கையில பிடிச்சு அழுத்துற ஒரு கட்டை. "மாப்ள, நீ இன்ஜினியர்தான, ஓட வச்சுக் காட்டு"ன்னு கொடுத்தார். நான் வாங்கிப் பரண்ல போட்டேன். ஊரடங்கு வந்துதான் அது கீழே இறங்கிச்சு.

அந்தப் பாதைத் துண்டை உத்துப் பாத்தா நடுவுல ஒரு பள்ளம் ஓடும். அதுக்குப் பேர்தான் ஸ்லாட். பள்ளத்தோட ரெண்டு பக்கமும் ரெண்டு உலோகப் பட்டை. காருக்கு அடியில ஒரு முளை, அது பள்ளத்துக்குள்ள இறங்கி நிக்கும். முளைக்கு ரெண்டு பக்கமும் உலோக இழை, அது பட்டையை உரசிக்கிட்டே கரண்ட் எடுக்கும். ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. கையில இருக்கிற கட்டையை எவ்வளவு அழுத்துறோமோ அவ்வளவு வேகம். வளைவுல விடாம அழுத்தினா கார் பள்ளத்தை விட்டுக் கிளம்பிச் சோபாவுக்கு அடியில போய் நிக்கும். இதுதான் ஸ்லாட் கார்.

மின்சாரத்துல ஓடுற பொம்மை ரேஸ் காரை அமெரிக்காவில லயனல் கம்பெனி 1912-லயே வித்திருக்கு. ஆனா இன்னைக்கு நாம ஸ்லாட் கார்னு சொல்றதுக்கு முகம் கொடுத்தவர் ஃபிரெட் ஃபிரான்சிஸ்னு ஒரு ஆங்கிலேயர். டூல் மேக்கர், அதாவது அச்சும் கருவியும் செய்கிற தொழிலாளி. 1947-ல் மினிமாடல்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 1952-ல் சாவி கொடுத்து ஓடும் தகரக் கார்களை ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் விற்றார். நன்றாகப் போனது, பிறகு சலித்தது. ஒரு பொம்மைக் கண்காட்சியில் கரண்டில் ஓடும் கார்கள் பாதையில் தானாகச் சுற்றுவதைப் பார்த்தார். சுற்றுகிறது, சரி. ஆனால் ஆடுகிறவனுக்கு அங்கே செய்ய ஒன்றுமே இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. தன் தகரக் காருக்குள் மோட்டாரை வைத்து, வேகத்தை ஆடுகிறவன் கையில் கொடுத்தார். ஸ்கேலெக்ஸும் எலெக்ட்ரிக்கும் சேர்ந்து ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஆனது. 1957 ஜனவரியில் ஹாரோகேட் பொம்மைச் சந்தையில் வைத்தார். குவிந்த ஆர்டரை அவரால் சமாளிக்க முடியவில்லை. அடுத்த வருஷமே லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய பொம்மைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று கோடு சேர்ந்தால் முக்கோணம், அதனால் அவர்கள் பிராண்டுக்கு டிரையாங் என்று பெயர். (இந்த மாதிரிப் பெயர் விளையாட்டெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், மன்னிச்சுக்குங்க.)

மாமா கொண்டுவந்த காரும் டிரையாங்தான். 1960-ல தகரத்தை விட்டுட்டு பிளாஸ்டிக்குக்கு மாறினப்போ வந்த முதல் வண்டிகள்ல ஒண்ணு, வான்வால். நிஜ வான்வால் ரேஸ் காரைக் கட்டினவர் டோனி வாண்டர்வெல். அவர் காசு சம்பாதிச்சது இன்ஜின் பேரிங் வித்து. தின்வால்ங்கிறது அவர் பேரிங்கோட பெயர். வாண்டர்வெல்லும் தின்வாலும் சேர்ந்து வான்வால். 1957-ல ஸ்டிர்லிங் மாஸும் டோனி புரூக்ஸும் மாத்தி மாத்தி ஓட்டி பிரிட்டிஷ் கிராண்ட் பிரியை ஜெயிச்ச வண்டி அது. மறு வருஷம், முதன்முதலா கொடுத்த கார் தயாரிப்பாளர் சாம்பியன் பட்டமும் வான்வாலுக்குத்தான்.

அப்படிப்பட்ட வண்டியை நான் என்ன பண்ணினேன்? 12 வோல்ட்ல ஓட வேண்டியது. வீட்டுல 12 வோல்ட் அடாப்டர் கைக்குக் கிடைக்கல. பழைய லேப்டாப் சார்ஜர் கிடைச்சுது. அது மேல பத்தொன்பதரை வோல்ட்னு தெளிவா அச்சடிச்சிருக்கு. ஒரு நிமிஷம்தானே, ஓடுதான்னு பாத்துட்டு எடுத்துரலாம்னு நினைச்சேன். கார் ஓடல, முனகிச்சு. அறுபது வருஷப் பிசுபிசுப்புல சக்கரம் இறுகியிருக்கு, நான் கவனிக்கல. மோட்டார் சுத்தாம கரண்ட் மட்டும் பாய்ஞ்சா என்ன ஆகும்னு செகண்ட் இயர்ல பரிச்சையே எழுதியிருக்கேன். முதல்ல இனிப்பா ஒரு வாசனை, அப்புறம் மெல்லிசா ஒரு புகைக் கோடு. அவ்வளவுதான்.

வேற வழியில்லாம பெரியப்பாகிட்ட போனேன்.

பெரியப்பாவுக்கு அரியலூர்ல காயில் கட்டுற கடை. பெரம்பலூர்ல இருந்து முப்பது கிலோமீட்டர், வழி முழுக்க சுண்ணாம்புக்கல் லாரி. கடைன்னா ஷட்டர் போட்ட ஒரே அறைதான். வாசல்ல தண்ணி மோட்டார்கள் வயித்தைத் திறந்து போட்டுக் கிடக்கும். உள்ளே செம்புக் கம்பி உருளைகள், வார்னிஷ் வாசனை, ஒரு டெஸ்ட் லாம்ப், பேட்டரி ஒண்ணு. சின்ன வயசுல லீவுக்குப் போனா இன்சுலேஷன் பேப்பரை அளவு பாத்து வெட்டித் தர்றது என் வேலை.

பெட்டியை மேசை மேல வச்சு, "பெரியப்பா, இது ஸ்லாட் கார்"னு சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுட்டு, "எத்தனை ஸ்லாட்?"னு கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவர் சிரிக்கல. அவர் உலகத்துல ஸ்லாட்னா மோட்டாரோட இரும்புக்குள்ள காயில் உக்காருற பள்ளம். 24 ஸ்லாட் மோட்டார், 36 ஸ்லாட் மோட்டார். ஒரு மோட்டார் வந்தா அவர் கேக்குற முதல் கேள்வியே அதுதான். "இதுல ஸ்லாட்டு ரோட்டுல இருக்கு பெரியப்பா"ன்னு விளக்கினேன். "மோட்டாரைக் கழட்டுடா, அதுல எத்தனைன்னு பாப்போம்"னார். கழட்டினோம். மூணு.

இங்க மோட்டாரைக் கொஞ்சம் பாத்துரலாம். பழைய ஸ்லாட் கார் மோட்டார்னா வெளியில ஒரு நிலைக் காந்தம், நடுவுல சுத்துற ஆர்மேச்சர். ஆர்மேச்சர்ல மூணு இரும்புக் கை, ஒவ்வொரு கையிலும் எனாமல் பூசின செம்புக் கம்பி பல சுத்து. ஒரு முனையில மூணு துண்டா வெட்டின செம்பு வளையம், அதுதான் கம்யூட்டேட்டர். அதை ரெண்டு கார்பன் பிரஷ் உரசும். ஆர்மேச்சர் திரும்பத் திரும்ப, எந்தக் கைக்குக் கரண்ட் போகணுங்கிறதை அந்த வளையமே மாத்திக்கிட்டு இருக்கும். வீட்டு மிக்ஸிக்குள்ள இருக்கிறதும் இதே யோசனைதான். காந்தத்துக்குப் பதிலா அங்கேயும் காயில், மூணு துண்டுக்குப் பதிலா நிறைய துண்டு.

பெரியப்பா சின்ன பிளேடை வச்சுக் கருகின கம்பியை வெட்டி எடுத்தார். வெட்டி எறியல, எண்ணினார். ஒவ்வொரு சுத்தா பிரிச்சு, வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டு. முதல் கை 150. ரெண்டாவது கையும் 150. மூணாவது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போய் எண்ண முடியல. "மூணும் ஒண்ணாத்தான் இருக்கும்"னார். மைக்ரோமீட்டர் வச்சுக் கம்பியை அளந்தார், 40 கேஜ். மில்லிமீட்டர்ல 0.12, தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன்.

எதுக்கு இந்த எண்ணிக்கை? மோட்டார் கம்பெனிக்காரன் பலகையில ஹெச்பி போடுவான், வோல்ட் போடுவான், ஆம்ப்ஸ் போடுவான், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு வேகமும் போடுவான். உள்ளே எத்தனை சுத்து கம்பின்னு போடவே மாட்டான். அது எரிஞ்ச காயில்ல மட்டும்தான் இருக்கும். அதை எண்ணாம வெட்டிப் போட்டுட்டா அந்த மோட்டாரோட ஜாதகமே போச்சு.

அதனாலதான் பெரியப்பாகிட்ட நோட்டு இருக்கு. 1982-ல கடை போட்டதுல இருந்து நாலு நோட்டு. நீளவாட்டுல கோடு போட்ட கணக்கு நோட்டு. கம்பெனி, ஹெச்பி, ஸ்லாட், சுத்து, கேஜ், எத்தனையாவது ஸ்லாட்ல இறங்கி எத்தனையாவதுல ஏறணும், யார் மோட்டார், எந்த ஊர். குன்னம், செந்துறை, வேப்பந்தட்டை, ஆலத்தூர்னு பக்கம் பக்கமா கிணறுகள்.

அவர் தொழில் கத்துக்கிட்டது கோயம்புத்தூர்ல, பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில. அந்தக் காலத்துல மோட்டார்னா எல்லாரும் அங்கதான் போயாகணும். அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓட ஆரம்பித்தது. கோவைக்கு மின்சாரம் இறங்கியது. மில்கள் பெருகின, கிணறுகளில் கமலைக்குப் பதிலாக மோட்டார் கேட்டார்கள். அந்த மோட்டார்கள் எல்லாம் கப்பலில் வந்தவை. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையிலேயே ஒரு மோட்டாரைச் செய்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பாலசுந்தரம் பின்னால் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். ஜி.டி. நாயுடுவைப் பற்றித் தனியாக நான்கு எபிசோடு பேசலாம், இப்போது ஒன்றே ஒன்று: ராசன்ட் என்ற அவருடைய சவர ரேசருக்குள் பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் இருந்தது. பெரிய மோட்டாரும் குட்டி மோட்டாரும் ஒரே ஆள் தலைக்குள் இருந்திருக்கின்றன.

கிட்டத்தட்ட அதே காலத்துல ஜப்பான்ல இன்னொரு ஆள் குட்டி மோட்டாரை மட்டுமே பிடிச்சுக்கிட்டார். கெனிச்சி மாபுச்சி. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட, ஷிகோகு தீவுல தகாமத்சு ஊர்ல, பொம்மைகளுக்குன்னே லாட வடிவக் காந்தம் வச்ச ஒரு சின்ன மோட்டாரை உருவாக்கினார். 1954-ல டோக்கியோவில கம்பெனி. இன்னைக்கு உங்க கார் கதவுப் பூட்டுலயும் பக்கக் கண்ணாடியிலயும் மாபுச்சி மோட்டார் இருந்தா ஆச்சரியமில்லை. 1960-கள்ல அந்தக் கம்பெனியோட எஃப்டி-16, எஃப்டி-36 வகை மோட்டார்கள் அமெரிக்க ஸ்லாட் கார்களுக்குள்ள போய் உக்காந்தது. விலை கம்மி, தரம் ஒரே மாதிரி.

ஒரே மாதிரிங்கிறதுதான் ரேஸ்காரனுக்குப் பிரச்சினை. எல்லாரோட மோட்டாரும் ஒண்ணுன்னா நான் எப்படி ஜெயிக்கிறது? 60-களோட நடுவுல அமெரிக்காவில ஸ்லாட் கார் பைத்தியம் உச்சத்துல இருந்துச்சு. ஊருக்கு ஊர் வாடகைக்கு நேரம் எடுத்து ஓட்டுற ரேஸ்வே கூடங்கள், எட்டுப் பாதை போட்ட பெரிய மேசைகள். அங்க ஓட்டின பையன்கள் மாபுச்சி மோட்டாரைப் பிரிச்சாங்க. கம்பியை உருவிப் போட்டுட்டு, தடிமனான கம்பியைக் குறைஞ்ச சுத்துல கட்டினாங்க. கலிஃபோர்னியாவில மூரா மாதிரிக் கம்பெனிகள் அதையே தொழிலாச் செஞ்சு வித்தாங்க.

சுத்தைக் குறைச்சா வேகம் ஏன் கூடுது? சுத்துற மோட்டார் தனக்குள்ளயே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கும். வேகம் கூடக் கூட அதுவும் கூடி, உள்ளே வர்ற கரண்டைத் தள்ளி நிறுத்தும். 12 வோல்ட் கொடுத்தா எதிர் வோல்டேஜ் 12-ஐ நெருங்குற வரைக்கும் மோட்டார் வேகம் எடுக்கும். சுத்து பாதியா இருந்தா அதே எதிர் வோல்டேஜுக்கு ரெண்டு மடங்கு வேகம் வேணும். அதனால மோட்டார் பறக்கும். கம்பி தடிமன்ங்கிறதால கரண்டும் ஏறும், சூடும் ஏறும்.

இந்தத் தந்திரம் எங்க போய் நின்னுச்சு தெரியுமா? அந்தக் காலத்துலயே வந்த ஒரு பாதை வடிவத்துக்கு புளூ கிங்னு பேர். ஒரு சுத்துக்கு 155 அடி. இன்னைக்கு உலக மட்டத்துல ஓட்டுறவங்க அதை ஒன்றரை செகண்டுக்கும் குறைவா முடிக்கிறாங்க. சராசரியே மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல, உள்ளங்கை அளவு வண்டிக்கு. ஆனா பைத்தியம் ரொம்ப நாள் நீடிக்கல. அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள கூடங்கள் வரிசையா மூடிருச்சு. கடையில வாங்கின காரோட வர்ற சின்னப் பையன், மோட்டார் கட்டத் தெரிஞ்சவன்கிட்ட ஒவ்வொரு வாரமும் தோத்துத் தோத்து வர்றதையே நிறுத்தினான்னு சொல்றாங்க. எனக்கு அது ரொம்ப நியாயமான காரணமாப் படுது. லைன்ஸ் பிரதர்ஸும் 1971-ல விழுந்துச்சு. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் மட்டும் கை மாறி மாறிப் பிழைச்சுது.

கடைக்குத் திரும்பி வருவோம். 40 கேஜ் கம்பி பெரியப்பாகிட்ட இல்லை. சீலிங் ஃபேனுக்குக் கட்டுற 36 கேஜ்தான் இருந்துச்சு. "இதுல எவ்வளவு கொள்ளுதோ அவ்வளவு கட்டிப் பாப்போம்"னு உக்காந்தார். மிக்ஸி ஆர்மேச்சர் கட்டின கை, சிரமமே படல. ஒரு கைக்கு 60 சுத்துதான் கொண்டுச்சு. மூணு காயிலையும் ஒண்ணோட வால் அடுத்ததோட தலையோட சேருற மாதிரி கம்யூட்டேட்டர்ல ஈயம் வச்சார். டெஸ்ட் பண்ற பைக் பேட்டரியில தொட்டார்.

கார் மேசையில இருந்து கிளம்பி எதிர்ச் சுவத்துல அடிச்சு விழுந்துச்சு. பொறுக்கி எடுத்துக் கையில பிடிச்சுக்கிட்டே இன்னொரு தடவை ஓட விட்டோம். அரை நிமிஷத்துல அதே இனிப்பு வாசனை. வெடுக்குன்னு எடுத்துட்டோம்.

"பெரியப்பா, அமெரிக்காவுல 1965-ல இதையேதான் பண்ணினாங்க. சுத்தைக் குறைச்சு, கம்பியைத் தடிமனாக்கி"ன்னு ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன்.

அவர் நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இதைத்தான்டா நான் நாப்பது வருஷமா பண்றேன்."

நோட்டுல சில வரிகளுக்குப் பக்கத்துல சிவப்பு மையில 'லோ'ன்னு எழுதியிருக்கும். சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன், அர்த்தம் கேட்டதே இல்லை. மும்முனை மோட்டாருக்கு 400 வோல்ட்டுக்கு மேல வரணும். ஆனா டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து தள்ளி, கடைசிக் கம்பத்துல இருக்கிற கொல்லைக்கு, எல்லாரும் மோட்டார் போட்ட நேரத்துல 300, 320 தான் வந்து சேரும். மோட்டார் கிளம்பாது, உறுமிக்கிட்டே சூடாகும். அந்த மோட்டார் கடைக்கு வந்தா பெரியப்பா பழைய கணக்குல கட்ட மாட்டார். சுத்தைக் குறைச்சு, கம்பியைத் தடிமனாக்கிக் கட்டுவார். குறைஞ்ச வோல்டேஜ்லயும் போதுமான காந்தப்புலம் கிடைக்கும், மோட்டார் தண்ணி எடுக்கும். இது காந்தம் வச்ச மோட்டார் இல்லை, வேகம் கூடாது, உள்ளே நடக்கிற விஷயமும் வேற. ஆனா கை செய்யுற வேலை ஒண்ணுதான். அங்க ஒரு கோப்பைக்காகச் செஞ்சதை இங்க வெங்காயத்துக்கும் பருத்திக்கும் தண்ணி பாய்ச்சச் செஞ்சிருக்காங்க.

விலையும் ஒண்ணுதான், எரியறது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஊரே தூங்குறப்போ வோல்டேஜ் முழுசா ஏறி வரும். குறைஞ்ச வோல்டேஜுக்குக் கட்டின மோட்டார் அப்போ தேவைக்கு மேல கரண்ட் இழுக்கும். சில மோட்டார் வருஷத்துக்கு ரெண்டு தடவை எரிஞ்சு வந்திருக்கு. ரீவைண்டிங் பண்ணின மோட்டார் மின்சாரத்தை வீணடிக்குதுன்னு கல்லூரியில படிச்சப்போ நான் கடைக்காரங்களைத்தான் மனசுக்குள்ள குத்தம் சொன்னேன். நோட்டைப் பாத்தா அந்த ஆளுக்கு வேற என்ன வழி இருந்துச்சுன்னு தெரியுது. கம்பத்துல வர்ற வோல்டேஜை அவரால மாத்த முடியாது. காயிலை மாத்த முடியும்.

ரேஸ்காரங்ககிட்ட எனக்கு ஒரு பொறாமை உண்டு. எத்தனை சுத்து, எந்த கேஜ்ங்கிறதை அவங்க போட்டி விதியாவே ஆக்கிட்டாங்க. இந்தப் பிரிவுல ஓடணும்னா ஆர்மேச்சர்ல இவ்வளவு சுத்து, இந்தக் கம்பின்னு அச்சுல இருக்கு. அதனாலதான் அறுபது வருஷப் பழைய மோட்டாரை யாரோ ஒருத்தர் இன்னைக்கும் அச்சு அசலாக் கட்ட முடியுது. பழைய வண்டியைச் சீர் பண்றவங்க நடுவுல ஒரு தீராத சண்டையும் உண்டு: எரிஞ்ச காயிலைப் புதுசாக் கட்டினா அது பழைய கார்தானா, இல்லையா? பெரியப்பாகிட்ட கேட்டேன். "ஓடாத மோட்டாருக்கு வயசு என்னடா வயசு"ன்னார். அவர் பக்கம் நியாயம் இருக்கு. ஆனா வெட்டின கருகின கம்பியை ஒரு கவர்ல போட்டுப் பத்திரமா வச்சிருக்கேன், அதையும் ஒத்துக்கிறேன்.

கடைசியில சென்னைக்கு வந்து ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு, தெரிஞ்சவங்ககிட்ட சொல்லி வச்சு, 40 கேஜ் கம்பி சின்ன உருளை ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். இந்தத் தடவை என்னைக் கட்டச் சொன்னார். ரெண்டு தடவை அறுத்தேன். 97-ல ஒரு தடவை, 140-ல ஒரு தடவை. அந்த 140 இன்னும் வலிக்குது. இழுத்துப் பிடிச்சா அறுந்துரும், விட்டுப் பிடிச்சா தொளதொளன்னு நின்னு சுத்துறப்போ வெளிய வந்துரும். எங்க இழுக்கணும், எங்க விடணும்னு எந்த நோட்டுலயும் இல்லை. என் கை மேல அவர் கையை வச்சுப் பத்து சுத்து சுத்தினார். அப்புறம்தான் புரிஞ்சுது.

கட்டி முடிச்சு வார்னிஷ் விட்டு வெயில்ல காய வச்சோம். அப்புறம் ரெண்டு சவர பிளேடை இணையா நிமித்தி வச்சு, ஆர்மேச்சரோட தண்டை அது மேல உருள விட்டார். கனமான கை கீழ வந்து நின்னுச்சு. அதுல அரத்தால ஒரு இழுப்பு. மறுபடி உருட்டல். எங்க விட்டாலும் அங்கயே நிக்கிற வரைக்கும் அரை மணி நேரம். மிக்ஸிக்கு இதெல்லாம் பாக்க மாட்டாராம், நேரம் இல்லை. இன்னொரு விஷயமும் அவர்தான் சொன்னார்: ஆர்மேச்சரை உருவின நேரம் எல்லாம் காந்தத்துக்கு நடுவுல ஒரு இரும்புத் துண்டு வச்சிருந்தார். பழைய காலத்து அல்நிகோ காந்தத்தை வெறுமனே விட்டா பலம் குறையும். ஸ்லாட் கார் சீர் பண்றவங்களும் இதையேதான் எச்சரிக்கிறாங்க.

மிக்ஸின்னதும் ஒண்ணு சொல்லணும். 2011 செப்டம்பர்ல அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பிச்சாங்க இல்லையா, கடையைப் பொறுத்தவரை அதுக்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டுக்கு மூணு மோட்டார். அடுத்த சில வருஷம் கடையில நிக்க இடம் இருக்காது. இப்போ அந்தக் கூட்டம் இல்லை. மிக்ஸிக்கு ரெடிமேட் ஆர்மேச்சர் வருது, கழட்டி மாட்டினா முடிஞ்சுது. புது ஃபேன்ல சர்க்யூட் போர்டு, அது போனா போர்டையே மாத்தணும். கிணத்துக்குப் பதிலா ஆழ்துளை, நீர்மூழ்கி மோட்டார், அதுக்குத் தனிக் கடைகள். பெரியப்பா பையன், என் அண்ணன், பெங்களூர்ல இருக்கான். என்னை மாதிரியேதான், லேப்டாப் வேலை. தை மாசத்தோட ஷட்டரை இறக்கப் போறேன்னு பெரியப்பா மூணு வருஷமாச் சொல்லிட்டு வந்தார். இந்த வருஷம் நிஜமாவே இடத்துக்காரர்கிட்ட சொல்லிட்டார்.

நோட்டை என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டேன். "அந்த மோட்டாரெல்லாம் இப்ப எங்கடா ஓடுது, பழைய பேப்பர்காரனுக்குத்தான்"னார். நாலு நோட்டையும் பெரம்பலூருக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். ராத்திரியில கொஞ்சம் கொஞ்சமா டைப் அடிச்சு ஒரு அட்டவணையா ஏத்திக்கிட்டு இருக்கேன். முதல் நோட்டு முடிஞ்சு ரெண்டாவதுல பாதி. ஆட்கள் பெயரை எல்லாம் விட்டுட்டு மோட்டார் விவரம் மட்டும். சிவப்பு 'லோ'வுக்குத் தனியா ஒரு கட்டம் போட்டேன். ஊர் வாரியா வரிசைப்படுத்தினா, எந்தெந்தக் கடைசிக் கம்பத்துல எந்தெந்த வருஷம் கரண்ட் பத்தலைங்கிறது வரிசையா வந்து நிக்குது. மோட்டார் கணக்கு எழுதுறதாத்தான் அவர் நினைச்சிருக்கார்.

வான்வால் ஓடுச்சா? ஓடுச்சு. பாதைத் துண்டு நாலஞ்சுதான் இருக்கு, வட்டம் முழுசா வராது. கடை வாசல்ல நேர்கோட்டுல போட்டு, ஒரு முனையில பெரியப்பா, மறு முனையில நான். முன்னால மாதிரி பறக்கல, ஒரு சீரா வந்துச்சு. டீக்கடைப் பையன் ஆறு தடவை ஓட்டிட்டு ஏழாவது தடவை கிளாஸை எடுக்க மறந்துட்டுப் போனான்.

மாமாவுக்கு வீடியோ அனுப்பினேன். பெரியப்பா உள்ளே போய், நாலாவது நோட்டுல கடைசியா எழுதின பக்கத்தை எடுத்து, ஸ்கேல் வச்சு ஒரு கோடு போட்டார். கம்பெனி: வான்வால். ஸ்லாட்: 3. சுத்து: 150. கேஜ்: 40. ஊர்ங்கிற கட்டத்துல சிங்கப்பூர்னு எழுதினார். ஹெச்பி கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தார். எனக்கும் தெரியல. ஒரு சின்னக் கோடு இழுத்துட்டு நோட்டை மூடினார்.